நெற்றி அறையின் மூன்றாவது விரிசல்

காலையில் கதவைத் திறந்தால் முந்நூறு மழைக்கோட்டுகள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அவளை வரவேற்கும். மஞ்சள் நிறம். முந்தைய நாள் அவற்றை மாட்டிக்கொண்டு அருவிக்கு அடியில் நின்ற சுற்றுலாப் பயணிகளின் வியர்வையும் ரப்பர் வாடையும் கலந்து, அடைத்துக் கிடந்த அறையிலிருந்து முகத்தில் அறையும். ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே திருப்பி, துடைத்து, பெரியது நடுத்தரம் சிறியது என்று பிரித்து அடுக்க வேண்டும். பதினேழு வருஷமாக அவள் செய்கிற வேலை அது. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் கோட்டக்கா.

"கோட்டக்கா, என் அளவுக்கு ஒண்ணு இருக்கா?" என்று தொப்பையைத் தடவிக்கொண்டே கேட்பவர்களுக்கு, "இருக்கு சார், ஆனா அதுக்குள்ள ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்காங்க" என்று ஒரு காலத்தில் பதில் சொல்லிச் சிரிக்க வைத்தவள்தான். இப்போது பேசாமல் எடுத்து நீட்டிவிடுகிறாள். சிரிப்புக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

மழைக்கோட்டு போக அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பார்வையாளர்கள் லிஃப்டில் இறங்கி அருவியின் பின்பக்கம் நிற்கும் இடத்தைக் கீழ்த்தளம் என்பார்கள். பாறையைக் குடைந்து செய்த நீளமான கூடம். முன்னால் தண்ணீர் வெள்ளைத் திரையாக விழுந்துகொண்டிருக்கும். தினமும் அங்கே முதலில் இறங்குகிறவள் கோட்டக்காதான் என்பதால், பாறையின் விரிசல்களை அளக்கும் பொறுப்பையும் அவள் தலையிலேயே கட்டிவிட்டார்கள். மொத்தம் மூன்று விரிசல்கள். ஒவ்வொன்றின் இரு கரையிலும் ஓர் எஃகுக் குமிழ் பதித்திருக்கும். இரண்டு குமிழுக்கும் நடுவிலுள்ள தூரத்தை வெர்னியர் கருவியால் அளந்து நோட்டில் எழுத வேண்டும். அந்தக் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் கல் டாக்டர். நிஜத்தில் அவள் டாக்டர் பட்டம் வாங்கிய நிலவியல்காரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பாறையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். "நாக்கை நீட்டச் சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான். மத்தபடி டாக்டர்தான்" என்பார் டிக்கெட் வாசலில் நிற்கும் கிழிசல். பன்னிரண்டு வருஷமாக டிக்கெட் கிழிப்பதால் அவருக்கு அந்தப் பெயர். இத்தனை வருஷத்தில் என்ன கிழித்தாய் என்று மனைவி கேட்டால் மட்டும் தன்னால் தைரியமாகப் பதில் சொல்ல முடியும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

முதல் இரண்டு விரிசல்களும் கூடத்திலேயே இருந்தன. மூன்றாவது நெற்றி அறையில். கூடத்தின் கடைசியில் ஒரு சின்னக் கதவு, அதற்குப் பின்னால் பாறைக்குள்ளே செங்குத்தாக ஏறும் தொண்ணூற்று நான்கு இரும்புப் படிகள், உச்சியில் ஆள் குனிந்து நிற்கும் அளவுக்கு ஒரு குகை. அருவியின் நெற்றி என்று சொல்கிற அந்தக் கடினப் பாறைக்குச் சற்றுப் பின்னால், ஆற்றின் படுகைக்கு அடியில் அது இருந்தது. அங்கே நின்றால் தலைக்கு மேலே ஆறு போவது காதில் விழாது, பற்களில் அதிர்வாகத் தெரியும்.

மூன்றாவது விரிசலின் கணக்கு நாற்பத்தொன்று மில்லிமீட்டர். குளிர் வந்தால் பாறை சுருங்கி விரிசல் அகலும், நாற்பத்தொன்று புள்ளி நான்கு ஆகும். வெயில் ஏறினால் நாற்பது புள்ளி ஒன்பது. அவள் அளக்கத் தொடங்கிய இந்தப் பதினோரு வருஷத்தில் இதைத் தாண்டி அது ஒரு மயிரிழை நகரவில்லை.

இந்தக் குளிருக்குச் சற்று முன்னால் அவள் கணவர் விழுந்தார்.

பஸ் டிரைவராக இருந்தவர். ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். ஊழியர் குடியிருப்பு டிக்கெட் கட்டிடத்துக்குப் பின்னாலேயே இருந்ததால் அவளால் வேலைக்கும் வீட்டுக்குமாக ஓட முடிந்தது. எண்பத்தைந்து கிலோ மனிதர். தூக்கித் தூக்கி அவளுடைய இடது முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. தரையில் நடக்கச் சொன்னால் நடக்கும், ஏறச் சொன்னால் அழும்.

ஒருநாள் தொண்ணூற்று நான்கு படிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஏறாமலே 41.2 என்று எழுதினாள். நாளைக்கு ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் குளிர் கூடியிருந்தது, 41.3 என்று எழுதினாள். ஒரு வாரத்தில் அது கைப்பழக்கம் ஆகிவிட்டது. வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதி மாட்டியிருப்பார்கள். அவளுக்கு அந்தப் பாறையின் குணம் தெரியும். பனி இறங்கிய காலையில் ஒரு புள்ளி கூட்டினாள், நாலு நாள் வெயிலடித்தால் ஒரு புள்ளி குறைத்தாள். ஒரு பாறை எழுதினால் எப்படி எழுதுமோ அப்படியே எழுதினாள்.

ஏறாமல் எழுதத் தொடங்கிய அறுபத்தோராவது நாள் கணவரின் அக்கா வந்து அவரைப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு அபூர்வமாகத் தூக்கம் கிடைத்திருந்தது. மனசு உறுத்தியதால் கோட்டக்கா படி ஏறினாள். ஏறி, குமிழ்களில் வெர்னியரை வைத்தாள். 44.0.

துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். 44.0.

நோட்டில் முந்தைய நாள் 41.4 என்று இருந்தது. அவளே எழுதியது, அழகான கையெழுத்தில். அதைப் பார்த்தாள், கருவியைப் பார்த்தாள். கருவி கீழே எங்காவது விழுந்து வளைந்திருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். 44 என்று எழுதினால் கேள்வி வரும், கேள்வி வந்தால் அறுபது நாளும் வெளியே வரும். அவள் 41.4 என்று எழுதினாள். அதற்குப் பிறகு அந்தப் படிகளின் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் தினமும் முந்நூறு கோட்டுகளை எடுத்துக் கொடுக்கும்போது, இவர்கள் எல்லோரும் எதற்கு அடியில் போய் நிற்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

நூற்றுப் பத்தொன்பதாவது நாள் காலை கிழிசல் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அக்கா, உங்க கல் டாக்டர் வந்திருக்காங்க. சொல்லாம கொள்ளாம."

"இன்னும் ரெண்டு மாசம் இருக்கே?"

"பக்கத்துல ஏதோ அணைக்கு வந்தாங்களாம். போற வழியில நாடி பிடிச்சுப் பாத்துட்டுப் போறாங்களாம். ஏன், முகம் ஏன் இப்படிப் போகுது?"

"முழங்கால்" என்றாள்.

கல் டாக்டர் நாற்பத்தைந்து வயது, ஒல்லி, ஓயாமல் பேசுகிறவள். கீழ்த்தளத்தில் நோட்டைப் புரட்டிப் பார்த்தவள் முகம் மலர்ந்தது.

"அக்கா, உங்க நோட்டை என் பசங்ககிட்ட காட்டப் போறேன். ஒருநாள் விடாம எழுதியிருக்கீங்க. இந்தக் குளிர்ல விரிஞ்சது பாருங்க, பாடப் புத்தகம் மாதிரி!"

கோட்டக்கா முழங்காலைத் தடவினாள். "மேல நீங்க மட்டும் போயிட்டு வாங்க டாக்டரம்மா. எனக்குக் கால் சரியில்ல."

"மெதுவா வாங்க. நான் பேசிக்கிட்டே ஏறுறேன், எனக்கும் மூச்சு வாங்கும்."

ஏறினார்கள். பாதி வழியில் டாக்டர் நின்று கைவிளக்கைச் சுவரில் அடித்தாள். கல்லுக்குள்ளே சிப்பிகள். விரல் நகத்தளவு, விசிறி விசிறியாக, நூற்றுக்கணக்கில்.

"இதுக்கு மேல இருக்கறது எல்லாம் சுண்ணாம்புக் கல். ஒரு காலத்துல கடல். சிப்பியும் சேறும் படிஞ்சு படிஞ்சு இறுகிப்போச்சு. இதுக்குக் கீழ, நாம இப்ப ஏறி வந்தோமே, அது களிமண் கல். பாக்கத்தான் கல்லு. ஈரம் பட்டா பிஸ்கட்."

கோட்டக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு காலை மாற்றி நின்றாள். பதினோரு வருஷமாக இந்தச் சிப்பிகளைத் தாண்டிப் போயிருக்கிறாள். யாரோ கொத்தனார் அலங்காரத்துக்குப் பதித்தது என்றே முதல் இரண்டு வருஷம் நினைத்திருந்தாள்.

"தண்ணி மேல இருந்து அறுக்கறதால அருவி தேயுதுன்னு எல்லாரும் நினைக்கறாங்க" என்று டாக்டர் தொடர்ந்தாள். "மேல ஒண்ணும் ஆகாது, அது கெட்டிக் கல். விழற தண்ணி கீழ சுழண்டு, சாரல் தெறிச்சு, குளிர்ல உறைஞ்சு, அடியில இருக்கற பிஸ்கட்டைத் தின்னுடும். மேல நெத்தி மட்டும் அந்தரத்துல நிக்கும். எவ்வளவு நாள் நிக்கும்? ஒருநாள் முறிஞ்சு விழும். அருவி ரெண்டு அடி பின்னாடி போய் நிக்கும். அப்புறம் திரும்பவும் தின்ன ஆரம்பிக்கும். இப்படியே பின்னாடி பின்னாடி நடந்து வந்ததுதான் இது. அந்த பஸ் டிப்போ இருக்குல்ல, அங்கதான் முதல்ல விழுந்துச்சு. பன்னெண்டாயிரம் வருஷத்துல ஏழு கிலோமீட்டர்."

இந்தக் கதையைக் கூடத்து ஒலிபெருக்கியில் அவள் தினமும் பத்துத் தடவை கேட்டவள்தான். ஒருமுறை கணவரிடம் சொன்னபோது, "ஏழு கிலோமீட்டரும் ரிவர்ஸ்லயேவா? என்னைவிட நல்ல டிரைவரா இருக்கே!" என்றார். ஆனால் நெற்றி முறிந்து விழும் என்பது ஒலிபெருக்கியில் வந்தபோது ஏதோ பழங்கதையாக இருந்தது. இப்போது அந்த நெற்றிக்குள்ளேயே ஏறிக்கொண்டிருந்தாள்.

குகையில் டாக்டர் வெர்னியரை வைத்தாள். பேச்சு நின்றது. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். அந்தத் துடைப்பு கோட்டக்காவுக்குத் தெரிந்த துடைப்பு.

"நாப்பத்தாறு புள்ளி எட்டு" என்றாள் டாக்டர். "நேத்து நீங்க நாப்பத்தொண்ணு புள்ளி மூணு எழுதியிருக்கீங்க."

டாக்டர் கைவிளக்கை விரிசலின் மேல் ஓட்டிப் பார்த்தாள்.

"ஒரே நாள்ல அஞ்சரை மில்லிமீட்டர். அக்கா, இறங்குங்க. உடனே இறங்குங்க."

ஒன்பது மணிக்குக் கீழ்த்தளத்தை மூடினார்கள். வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள், கிழிசல் அவர்களைச் சமாளித்தார். மேலாளரின் அறையில் கல் டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாள். மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கதவோரம் கோட்டக்கா நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றாள்.

"மெதுவா நகர்ற கல்லுன்னா வழி இருக்கு சார். துளை போட்டு இரும்புத் தண்டு இறக்கி, பின்னாடி இருக்கற பாறையோட இழுத்துக் கட்டிடலாம். நிக்கும். ஆனா ஒரே நாள்ல இவ்வளவு ஓடுச்சுன்னா அது விழப் போற கல். நாமளா ஆத்தைத் திருப்பி, வெடி வெச்சு இறக்கிடணும். நெத்தியில கால்வாசி போயிடும்."

"கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமேம்மா?"

"ஓடுற கல்லா இருந்தா பொறுக்காது சார். நாலு மணிக்குத் தலைமை அலுவலகத்துக்கு நான் பதில் சொல்லணும்."

கோட்டக்கா வாயைத் திறந்தபோது குரல் வேறு யாருடையதோ போல வந்தது. "டாக்டரம்மா. நேத்து நான் மேல ஏறல."

இருவரும் திரும்பினார்கள்.

"முந்தாநாளும் ஏறல. குளிர் ஆரம்பிச்சதுல இருந்தே ஏறல. உத்தேசமா எழுதினேன்."

மேலாளர், "என்னது?" என்று எழுந்தார். டாக்டர் கோபப்படவில்லை. நோட்டை எடுத்து, சற்று முன் புகழ்ந்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். அவள் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

"நாலு மாசம்" என்றாள் கடைசியில். "அப்ப எனக்கு ரெண்டு முனைதான் இருக்கு. அங்க நாப்பத்தொண்ணு, இங்க நாப்பத்தாறு. நடுவுல கொஞ்சம் கொஞ்சமா போச்சா, நேத்து ஒரே தாவா தாவுச்சா, எனக்கு எப்படித் தெரியும்? நடுவுல ஒரு எண் இருந்தாப் போதும். இல்லாதப்ப மோசமானதைத்தான் நான் எடுத்துக்கணும். வெடிதான்."

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கால் சரியில்லன்னா சொல்லியிருக்கலாம்ல? ஒரு மெமோ குடுத்து விட்டிருப்பேனே. சரி, போங்க. அப்புறம் பேசிக்கலாம்."

ஒரு மெமோ. அவ்வளவோடு முடிந்துவிடும். ஏறவில்லை என்பது சோம்பேறித்தனம், மன்னிப்பார்கள். ஏறிப் பார்த்து, பார்த்ததை மறைத்து, அதற்கு அடியில் இரண்டு மாதம் ஆட்களை அனுப்பினாள் என்பதை எவரும் மன்னிக்க மாட்டார்கள். வேலை போகும். வேலையோடு வீடும் போகும்.

பதினொன்றரைக்குக் கணவரைப் புரட்ட வீட்டுக்குப் போனாள். தோளுக்கடியில் கையைக் கொடுத்து, "ம், திரும்புங்க" என்றாள்.

"என்ன, இன்னைக்குக் கூட்டத்தையே காணோம்? சத்தமே இல்ல. அருவி லீவா?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், நாற்பத்துநான்கையும்.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மெமோவோட விட்டுட்டாங்கல்ல?"

"ம்."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு."

"வெடி வெக்கப் போறாங்க."

"வெக்கட்டும். அது கல்லு. தானாவே விழுந்து விழுந்துதானே இவ்வளவு தூரம் வந்துச்சு? இன்னொரு தடவை விழுந்தா என்ன குடி முழுகிப்போகுது? என்னை எங்க கொண்டுபோய்க் கிடத்துவே, அதைச் சொல்லு. ரோட்டுலயா?"

"கத்தாதீங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு."

"கத்தாம? நான் ஒரு கையைத் தூக்க முடியாதவன். இந்தச் சுவரும் போச்சுன்னா எனக்கு என்னடி இருக்கு?"

அவர் சொல்வதில் தப்பில்லை. அவள் தலையணையை அவர் முதுகுக்குப் பின்னால் அண்டக் கொடுத்தாள், கால்களுக்கு நடுவில் இன்னொன்றைச் செருகினாள், தண்ணீர் புகட்டினாள். பிறகு அடுப்படியில் நின்றபடியே ஆறிப்போன டீயைக் குடித்தாள். டாக்டர் நோட்டைத் திருப்பிய விதம் கண்ணிலேயே நின்றது. இனி ஒவ்வொரு ஆறு மாதமும் அவள் வருவாள்; வெடித்த இடத்தைக் காட்டி, இது ஒரே நாளில் நகர்ந்த கல் என்று யாருக்காவது சொல்லிக்கொடுப்பாள். பக்கத்தில் இவள் கோட்டு மடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பெரிய நியாயம் எதுவும் அவள் மனதில் இல்லை. எண்பத்தைந்து கிலோவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தூக்குகிறாள். அதற்கு மேல் இதையும் தூக்க அவளிடம் தெம்பில்லை, அவ்வளவுதான்.

"எங்க போறே?" என்றார் கணவர்.

"ஒன்றரைக்கு வந்து புரட்டுறேன்."

"இந்தா, நில்லு. நில்லுன்னு சொல்றேன்ல!"

மேலாளரின் அறையில் டாக்டர் தனியாகத் தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேலாளர் சாப்பிடப் போயிருந்தார். அவர் இல்லாமல் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவர் வரும் வரை காத்திருந்தாள். வந்ததும் சொன்னாள்.

"நடுவுல ஒரு எண் இருக்கு. நான் ஏறாம விட்டதுல இருந்து அறுபத்தோராவது நாள். நாப்பத்திநாலு புள்ளி பூஜ்யம். ரெண்டு தடவை வெச்சுப் பாத்தேன்."

டாக்டர் பேனாவை எடுத்துவிட்டாள். பிறகு அதைக் கீழே வைத்தாள். "நோட்டுல நாப்பத்தொண்ணு புள்ளி நாலுன்னு இருக்கு."

"பயந்துபோய் அப்படி எழுதினேன்."

"தேதி எப்படி இவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"எங்க நாத்தனார் வந்த நாள். நான் தூங்கின நாள் அது ஒண்ணுதான், டாக்டரம்மா. மறக்குமா?"

டாக்டர் காகிதத்தில் மூன்று புள்ளிகளை வைத்தாள். அளவுகோலே தேவைப்படவில்லை, மூன்றும் ஒரே கோட்டில் விழுந்தன. ஐம்பத்தெட்டு நாளுக்கு இரண்டு புள்ளி எட்டு மில்லிமீட்டர். தாவவில்லை. ஊர்ந்திருக்கிறது. அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அது நிம்மதியா ஆத்திரமா என்று கோட்டக்காவுக்குப் பிடிபடவில்லை.

"பாத்துட்டா?" என்றார் மேலாளர். அவர் முகம் வெளுத்திருந்தது. "பாத்துட்டா ஜனங்களை உள்ள விட்டீங்க? போன மாசம் என் பொண்ணு, பேரன் எல்லாம் வந்து கீழ நின்னுட்டுப் போனாங்க. நீங்கதானே கோட்டு மாட்டி விட்டீங்க?"

"ஆமா சார்."

மேலாளர் சாவிக்காக மேசைக்குக் குறுக்கே கை நீட்டினார். அவள் வளையத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள்.

"முப்பது நாள் டயம். வீட்டைக் காலி பண்ணணும். இதுக்கு மேல என்னால முடியாது."

நோட்டைச் சரி செய்ய வேண்டும் என்றாள் டாக்டர். பொய்யான எண்ணை அழிக்கக் கூடாதாம். ஒவ்வொன்றின் மேலும் கோடு போட்டு, பக்கத்தில் 'அளக்கவில்லை' என்று எழுதி, எழுதியவரே கையெழுத்துப் போட வேண்டுமாம். நாற்காலியை அவளே இழுத்துப் போட்டாள். இந்தத் தடவை கோட்டக்கா உட்கார்ந்தாள்.

நூற்றுப் பதினெட்டு நாட்கள். கோடு, அளக்கவில்லை, கையெழுத்து. கோடு, அளக்கவில்லை, கையெழுத்து. முப்பதைத் தாண்டியதும் விரல் மரத்தது. எண்களின் அழகு அவளுக்கே விசித்திரமாக இருந்தது. இந்த நாளில் பனி கொட்டியது, இந்த நாளில் வெயில் வந்தது, எல்லாம் சரியாகவே இருந்தன, பாறையைத் தவிர. நடுவில் ஒரே ஒரு நாளுக்கு நேரே 44.0 என்று எழுதினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் எழுந்து போய்ச் சன்னலருகே நின்றாள். மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ அவள் சொல்லவே இல்லை. "நேரமாச்சுன்னா அவரைப் புரட்டிட்டு வந்து மிச்சத்தைப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

அப்படியே போய்ப் புரட்டிவிட்டு வந்து மிச்சத்தைப் போட்டாள். கணவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார்.

மூன்றரைக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். அவரால் திருப்ப முடிந்தது அது ஒன்றுதான். புரட்டினாள். துணி மாற்றினாள். அவர் உடம்பைக் கனமாக விட்டுக்கொண்டு, வேண்டுமென்றே, ஒரு துளி ஒத்துழைக்காமல் கிடந்தார். அவள் கட்டிலையொட்டித் தரையில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள்.

வெகுநேரம் கழித்துச் சுவரிடம் கேட்பது போல அவர் கேட்டார். "எத்தனை நாள் குடுத்தாங்க?"

"முப்பது."

"கல்லுக்கு?"

"தண்டு போட்டுக் கட்டினா நாப்பது, அம்பது வருஷம் நிக்குமாம்."

"ம். கட்டிப் போட ஆள் இருந்தா யார்தான் நிக்க மாட்டாங்க." பிறகு, "அக்காவுக்கு ஒரு போன் போடு. அவ வீட்டுல பின்பக்கம் ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. படி இருக்கான்னு கேட்டுக்கோ. உனக்காகத்தான் சொல்றேன், என்னை எப்படியும் தூக்கித்தான் கொண்டுபோகணும்" என்றார்.

பதில் வரவில்லை. அவர் கஷ்டப்பட்டுக் கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினார். அவள் கட்டில் சட்டத்தில் தலையைச் சாய்த்தபடி, ஒரு காலில் பூட்ஸோடு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அடுத்த முறை புரட்டுவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அவர் எழுப்பவில்லை.